படம் பிடித்த பெட்டியும் பழக்கிய கைகளும்

உலகில் எந்தக் கருவியும் பிறந்த அன்றே மனிதனுக்கு முழுதும் பணிந்து நடந்ததில்லை. ஏர் முதல் அச்சுப்பொறி வரை ஒவ்வொன்றையும் எடுத்துப் பழகிய தலைமுறையினர் அதன் குறைகளைத் தம் திறத்தால் நிரப்பிய பின்னரே அது பயன் தரும் பொருளாயிற்று. நாதசுரத்தின் துளைகள் நுண்ணிய கமகங்களை எல்லாம் தாமாகத் தந்துவிடுவதில்லை. வித்துவானின் மூச்சும் உதடும் விரலும் சேர்ந்தே அவற்றைப் பிறப்பிக்கின்றன. ஆயினும் கருவியைக் கண்டுபிடித்தவர் பெயரை எழுதி வைக்கும் வரலாறு, அதனைப் பழக்கியவர் பெயரை எழுதி வைக்க மறந்துவிடுகிறது.

இந்த மறதி மிகுதியாகக் காணப்படும் துறைகளுள் தொலைக்காட்சி ஒன்று. தொலைக்காட்சி வரலாறு என்றவுடன் பெயர்டு, பார்ன்ஸ்வொர்த், ஸ்வோரிகின் என்னும் மேதைகளின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் புகழுக்கு உரியவர்களே; ஐயமில்லை. ஆனால் அவர்களும் அவர்களைப் பின்பற்றியோரும் ஆக்கித் தந்த முதற் காமிராக்கள், இன்று நம் காலனிச் சிறுவர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைப்பேசியைப் போல எடுத்தவுடன் படம் காட்டுவன அல்ல. சில தலைகீழாகக் காட்டின. சில கண்டதை மறக்க மாட்டாமல் அடம் பிடித்தன. சிலவற்றை நகர்த்தவே தனியாள் வேண்டியிருந்தது. இவற்றைக் கொண்டு நாடகமும் நாட்டியமும் அரச ஊர்வலமும் மக்கள் கண்டு மகிழும்படி செய்தவர்கள், பெயர் அறியப்படாத ஸ்டூடியோத் தொழிலாளரும் பொறியாளருமே. அவர்களுடைய கதையைச் சங்கத்து அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு முறைகளின் போட்டி

லண்டன் மாநகரின் வடபகுதியில் ஒரு குன்றின் மேல் அலெக்சாந்திரா மாளிகை என்னும் பழைய கட்டடம் உள்ளது. அதன் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, 1936 நவம்பர் 2-ஆம் நாள் பி.பி.சி. தன் தொலைக்காட்சிப் பணியைத் தொடங்கிற்று. அந்நாளில் இரு நிறுவனங்கள் தத்தம் முறையே சிறந்தது என்று வாதிட்டமையால், இரண்டுக்கும் ஒவ்வொரு ஸ்டூடியோ ஒதுக்கப்பட்டு, இரண்டும் மாறி மாறி ஒளிபரப்ப வேண்டும் என முடிவாயிற்று. ஒன்று ஜான் லோகி பெயர்டு அவர்களின் முறை. அது படத்தை 240 வரிகளாகப் பகுத்தது. மற்றொன்று மார்க்கோனி-இ.எம்.ஐ. நிறுவனத்தின் முறை, அது 405 வரிகளாகப் பகுத்தது. முதல் நாளன்று எது முந்துவது என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தனர். பெயர்டு முறைக்கே அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஒரே தொடக்க நிகழ்ச்சியை இரு முறைகளிலும் இருமுறை நடத்திக் காட்டினர்.

பெயர்டு முறையின் காமிரா உண்மையில் ஒரு சினிமாக் காமிராவே ஆகும். அது எடுத்த பிலிம் சுருள் அவ்விடத்திலேயே மருந்துத் தொட்டிகளுக்குள் ஓடிக் கழுவப்பட்டு, ஈரம் உலருமுன்பே ஒளிக்கதிரால் வருடப்பட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் படமாக வெளிவந்தது. கேட்பதற்கு வியப்பாக இருந்தாலும், இதனால் விளைந்த தொல்லைகள் பல. காமிராவும் மருந்துத் தொட்டியும் ஒன்றோடொன்று இணைந்திருந்தமையால் காமிரா இருந்த இடத்தை விட்டு அசைய முடியாது. அறிவிப்பாளருக்கு என இருந்த மற்றோர் அமைப்பில், அவர் இருட்டறையில் அமர, அவர் முகத்தை ஓர் ஒளிப்புள்ளி ஓடி ஓடி வருடிற்று. அக்கருவியின் கண்ணுக்கு நிற வேறுபாடுகள் சரியாகத் தெரியவில்லை. ஆகவே தொடக்க காலத்தில் பெயர்டு முறையில் தோன்றிய கலைஞர்கள் முகத்தில் வெண்மை பூசி, இதழ்களுக்குக் கருநீலம் தீட்டிக்கொண்டனர். நேரில் பார்த்தவருக்கு அது கூத்து வேடமாகத் தோன்றியிருக்கும். திரையில் பார்த்தவருக்கோ அது இயல்பான முகமாகத் தெரிந்தது. கருவியின் குறையை மனிதர் தம் முகத்திலேயே ஏற்றுக்கொண்ட செய்தி இது.

மற்றொரு ஸ்டூடியோவில் இருந்ததே எமிட்ரான் என்னும் மின்னியல் காமிரா. ஐசக் ஷோன்பர்க் தலைமையில் இ.எம்.ஐ. அறிஞர்கள் இதனை உருவாக்கினர். இதே நெறியில் அமெரிக்காவில் ஐக்கனோஸ்கோப் என்னும் குழாயை ஆக்கியவர் விளாதிமிர் ஸ்வோரிகின். இவ்விருவரும் ருஷ்ய நாட்டில் பிறந்து, பிழைப்பும் புலமையும் தேடி அயல்நாடு சென்று குடியேறியவர்கள் என்பது, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்குத் தனி உவகை தரும் செய்தியாகும். எமிட்ரானின் மேம்பாடு விரைவில் தெளிவாயிற்று. 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பெயர்டு முறை கைவிடப்பட்டு, எமிட்ரான் மட்டும் நிலைத்தது.

தலைகீழாகத் தெரிந்த உலகம்

வென்ற காமிராவாயினும் எமிட்ரானுக்கும் குறைகள் உண்டு. அதன் குழாய்க்குள் மெல்லிய அபிரகத் தகடு ஒன்று இருந்தது. அத்தகட்டின் மேல் ஒளியை உணரும் நுண்துகள்கள் எண்ணற்றவை பதிக்கப்பட்டிருந்தன. லென்ஸ் வழியே வந்த காட்சி அத்தகட்டில் விழ, ஓர் எலெக்ட்ரான் கற்றை அதனை வரி வரியாக வருடி மின்குறியாக மாற்றிற்று. அத்தகடு ஏறத்தாழ உள்ளங்கையளவு பெரியது. பெரிய தகட்டை நிரப்ப நீண்ட குவியத் தொலைவுள்ள லென்ஸ் வேண்டும். மங்கிய உணர்ச்சியுள்ள தகட்டுக்கு லென்ஸை அகலத் திறந்தும் வைக்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகச் சிறிதாகிவிடும். நடிகர் ஓரடி முன்னே வந்தால் போதும்; அவர் முகம் புகை மூடியது போலாகிவிடும்.

இதற்கு ஸ்டூடியோவினர் கண்ட வழி, தரையில் சுண்ணக்கட்டியால் குறியிடுவது. நடிகர் எந்த வசனத்தை எந்தக் குறியில் நின்று பேச வேண்டும் என்பது ஒத்திகையிலேயே உறுதி செய்யப்பட்டது. காமிராக்காரரோ அந்தக் குறிகளுக்கு ஏற்ப லென்ஸை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தில் மனப்பாடம் செய்துகொண்டார்.

அவர் பட்ட பாடு அத்துடன் முடியவில்லை. எமிட்ரானில் இரட்டை லென்ஸ்கள் இருந்தன. ஒன்று குழாய்க்கு, மற்றொன்று காமிராக்காரர் பார்க்கும் கண்ணாடிக்கு. அக்கண்ணாடியில் காட்சி தலைகீழாகவும் இடவல மாற்றமாகவும் விழுந்தது. நடிகை வலப்பக்கம் நடந்தால் கண்ணாடியில் அவள் இடப்பக்கம் போவாள். அதுவும் தலை கீழே, கால் மேலே! அவளைத் தொடர்ந்து காமிராவைத் திருப்ப வேண்டியவர், கண் சொல்வதற்கு நேர்மாறாகக் கையை அசைக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் தடுமாறினர். சில வாரங்கள் பழகியபின் மனமே படத்தை நிமிர்த்திக்கொண்டது. கருவியைத் திருத்தும் வரை காத்திராமல் மனிதர் தம் கண்ணையே திருத்திக்கொண்டனர்.

அக்காமிராவில் தூரக் காட்சியைக் கிட்டக் கொணரும் ஜூம் லென்ஸ் கிடையாது. அருகில் காட்ட வேண்டுமாயின் காமிராவே அருகில் செல்ல வேண்டும். ஆகவே அதனைச் சக்கர வண்டியில் ஏற்றி, காமிராக்காரரையும் அதன்மேல் அமர்த்தி, மற்றோர் ஆள் தள்ளினார். தள்ளுபவருக்குப் படம் தெரியாது. படம் பார்ப்பவருக்கு வண்டி வசப்படாது. இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்து இயங்கினாலன்றிக் காட்சி குலுங்கிவிடும். காமிராவின் பின்னே தடித்த கேபிள் ஒன்று பாம்பு போல் நீண்டு கிடந்தது. இரு காமிராக்களின் கேபிள்கள் பின்னிக்கொண்டால் நிகழ்ச்சி நடுவில் நின்றுவிடும். எனவே எந்தக் காமிரா எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புவது என்பதை முன்னதாகவே தரைப்படத்தில் வரைந்து வைத்தனர். நேர்த்தியான நாட்டிய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தவர்கள், அதற்கு இணையாக இருட்டில் மற்றொரு நாட்டியம் நடந்ததை அறியார்.

ஸ்டூடியோவுக்கு அப்பால் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்த பொறியாளரின் பணியோ இன்னும் நுட்பமானது. எலெக்ட்ரான் கற்றை தகட்டைத் தாக்கும்போது சிதறும் துகள்கள் மீண்டும் தகட்டின் மேல் ஒழுங்கின்றி விழுந்தன. அதனால் காட்சியில் இல்லாத நிழல்கள் படத்தில் மேகம் போல் படர்ந்தன. காட்சி மாறும்போதெல்லாம் அந்த நிழலும் இடம் மாறும். இதனைப் போக்க, நிழலுக்கு எதிரான மின்குறியைக் கையால் திருகிக் கலந்தனர். சாய்ந்த நிழலுக்கு ஒரு திருகு. வளைந்த நிழலுக்கு மற்றொரு திருகு. இவற்றைச் 'சாய்வு', 'வளைவு' என்று பொருள்படும் பெயர்களால் அவர்கள் குறித்தனர். ஒரு காமிரா ஒளிபரப்பில் இருக்கையில், அடுத்து வரவிருக்கும் காமிராவின் படத்தை நோக்கி நிழலை நீக்கி வைப்பது அவர்கள் கடமை. நிகழ்ச்சி முடியும் வரை அந்த விரல்களுக்கு ஓய்வே இல்லை.

இவ்வளவு குறைகளோடும் 1937 மே 12-ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை அவர்கள் ஒளிபரப்பினர். ஹைடு பார்க் முனையில் 3 எமிட்ரான் காமிராக்களை நிறுத்தி, நகரின் அடியே பதித்த கேபிள் வழியாக அலெக்சாந்திரா மாளிகைக்குப் படத்தை அனுப்பினர். அன்று மழை, வானம் இருண்டு வெளிச்சம் குன்றியிருந்தது. ஆயினும் மன்னரின் ஊர்தியை மக்கள் தத்தம் வீட்டிலிருந்தே கண்டனர். 1939 செப்டம்பர் 1-ஆம் நாள் போர் மேகத்தால் அப்பணி நிறுத்தப்பட்டு, 1946 ஜூன் 7-ஆம் நாளே மீண்டும் தொடங்கிற்று.

மறக்க மாட்டாத குழாய்

போருக்குப் பின் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இமேஜ் ஆர்த்திக்கான் என்னும் புதிய குழாயைக் கொண்டுவந்தது. ஆல்பர்ட் ரோஸ், பால் வைமர், ஹரால்டு லா என்னும் மூவர் இதனை உருவாக்கினர். பழைய குழாயை நோக்க இது பல மடங்கு கூரிய பார்வை உடையது. மங்கிய ஒளியிலும் படம் தரவல்லது. அமெரிக்கத் தொலைக்காட்சியினர் இதனைச் செல்லமாக 'இம்மி' என்று அழைத்தனர். 1949 முதல் அங்கு வழங்கப்படும் 'எம்மி' விருதின் பெயர் இச்செல்லப் பெயரிலிருந்து பிறந்ததே. ஒரு கண்ணாடிக் குழாயின் பெயரால் கலைஞர்களுக்குப் பரிசு வழங்கப்படுவது எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் 'இம்மி'க்கும் பிடிவாதங்கள் இருந்தன. அசையாத காட்சி ஒன்றைச் சில நிமிடம் தொடர்ந்து பார்த்தால் அது குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். பின்பு காமிராவை வேறெங்குத் திருப்பினும் பழைய காட்சியின் சாயல் ஆவி போல் நின்று தோன்றும். இதற்காகக் காமிராக்காரர்கள் ஒளிபரப்பில் இல்லாத வேளையிலும் காமிராவை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கக் கற்றனர். சாயல் ஒட்டிவிட்டால், ஒளியுள்ள வெண்சுவரைக் குவியம் கலைந்த நிலையில் சற்று நேரம் காட்டி அதனை அழித்தனர். பின்னர் இப்பழக்கத்தையே பொறியியலார் கருவியாக்கி, படத்தைப் பார்ப்பவர் அறியாதவாறு மிக மெல்லச் சுழற்றும் அமைப்பைக் காமிராவில் பொருத்தினர். தொழிலாளியின் கைப்பழக்கம் பின்னாளில் இயந்திரத்தின் உறுப்பாயிற்று என்பதற்கு இது நல்ல சான்று.

குழாய் குளிர்ந்திருந்தால் சாயல் மிகுதியாக ஒட்டும். மிகச் சூடானால் படம் கூர்மை இழக்கும். ஆகவே நிகழ்ச்சிக்கு நெடுநேரம் முன்பே காமிராவை ஏற்றி வைத்துப் பதமான சூடு வரும் வரை காத்திருந்தனர். சமையலறையில் எண்ணெய் காயும் பதம் அறிந்த நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்தப் பொறுமை எளிதில் விளங்கும்.

இக்காமிராவின் முகத்தில் ஒரு சுழல் தட்டும் அதில் 4 லென்ஸ்களும் இருந்தன. 50, 90, 135 மில்லிமீட்டர் என வெவ்வேறு குவியத் தொலைவுள்ள லென்ஸ்கள் அவற்றுள் வழக்கமாக இடம்பெற்றன. பின்புறப் பிடியைத் திருகினால் தட்டுச் சுழன்று வேறு லென்ஸ் முன்வரும். ஒளிபரப்பில் இருக்கும்போது திருகினால் பார்வையாளர் முன் உலகமே சுழன்றுவிடும். எனவே காமிராவின் மேலுள்ள சிவப்பு விளக்கு அணைந்த சில நொடிகளுக்குள் லென்ஸை மாற்றி, புதிய இடத்துக்கு நகர்ந்து, குவியம் சரிசெய்து, அசையாமல் நின்றுவிட வேண்டும். மறுபடியும் விளக்கு எரிந்துவிடும்! எந்த எண்ணுள்ள காட்சிக்கு எந்த லென்ஸ், எந்த இடம் என்பதைச் சிறு அட்டையில் எழுதிக் காமிராவில் செருகி வைத்துக்கொண்டனர்.

அக்காலத்து நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாகவே ஒளிபரப்பாயின. ஆம்பெக்ஸ் நிறுவனம் நடைமுறைக்கு ஏற்ற வீடியோ நாடாவை அறிமுகம் செய்தது 1956-இல்தான். அதுவரை ஒரு காமிராக்காரரின் இடக்கை காமிராவைத் திருப்ப, வலக்கை குவியத்தை நடத்த, காலும் தோளும் பீடத்தைத் தள்ள, செவி தலைப்பேசி வழியே இயக்குநரின் ஆணையைக் கேட்க, கண் சின்னஞ்சிறு திரையை விட்டு அகலாமல் நிற்க, ஒரு மணி நேரம் ஒரு பிழையுமின்றிக் கடக்க வேண்டும். அட்டாவதானம் என்று நம் முன்னோர் கொண்டாடிய கலைக்கு இது எவ்வகையில் குறைந்தது?

வெள்ளை ஆடையும் மின்னும் அணியும்

இமேஜ் ஆர்த்திக்கானின் மற்றொரு குறை பேரொளியைத் தாங்காமை. பளபளக்கும் நகையோ கண்ணாடியோ வெளிச்சத்தில் மின்னினால் அதனைச் சுற்றிக் கருவளையம் ஒன்று தோன்றும். தூய வெண்ணிறச் சட்டை அணிந்தவரின் முகம் கறுத்துவிடும். ஆகவே வெள்ளைக்குப் பதில் வெளிர்நீலமோ வெளிர்மஞ்சளோ அணியச் செய்தனர். திரையில் அதுவே வெண்மையாகத் தெரிந்தது. மின்னும் பொருள்களின் மேல் மெழுகோ சோப்போ தடவி ஒளியை மழுக்கினர். வெளுத்த வேட்டியும் வைரத் தோடும் அணிந்து நம்மவர் அக்காமிராவின் முன் சென்றிருந்தால், ஒப்பனையாளர் திகைத்தே போயிருப்பார்!

குறையைப் போக்கியதுடன் நில்லாது, குறையுள்ள கருவியைக் கொண்டே புதுமைகள் செய்தவர்களும் அவர்களே. எடை மிக்க காமிராவை உயரே தூக்க இயலாதபோது, மேலே கண்ணாடி ஒன்றைச் சாய்வாகத் தொங்கவிட்டு, பியானோ வாசிப்பவரின் விரல்களையும் அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தையும் அக்கண்ணாடி வழியே காட்டினர். கண்ணாடியில் இடம் வலமாக மாறுமன்றோ? அதற்குக் காமிராவில் வரிகள் வருடும் திசையையே ஒரு விசையால் மாற்றி, படத்தை நேராக்கினர். கனவுக் காட்சிக்கு லென்ஸின் முன் வைத்த கண்ணாடியில் வாசலைன் தடவினர். முகச்சுருக்கம் மறையவேண்டின் மெல்லிய வலைத்துணியைக் கட்டினர். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் செலவாகவில்லை. எல்லாம் தேவை தூண்டிய யுக்திகளே.

வண்ணம் வந்தபோது

1953 டிசம்பரில் அமெரிக்க அரசு வண்ணத் தொலைக்காட்சிக்கு இசைவு தந்தது. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. கொணர்ந்த டி.கே.-41 என்னும் வண்ணக் காமிராவுக்குள் ஒன்றன்று, 3 இமேஜ் ஆர்த்திக்கான்கள் இருந்தன. வந்த ஒளியைச் செம்மை, பசுமை, நீலம் என மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு குழாய்க்கும் ஊட்டினர். அதன் எடை ஏறத்தாழ 300 பவுண்டு. பிரிந்த ஒளியை ஈடுசெய்ய ஸ்டூடியோவில் விளக்குகள் பெருகின, வெப்பமும் பெருகிற்று. மூன்று படங்களும் அணுவளவும் பிசகாது ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பிசகினால் முகத்தைச் சுற்றிச் செந்நிற விளிம்பு தோன்றும். ஒவ்வொரு நாளும் கோடுகள் வரைந்த அட்டை ஒன்றைக் காமிராவின் முன் வைத்து, மூன்றையும் பொருத்துவதிலேயே பொறியாளரின் பொழுது கழிந்தது.

இத்துன்பத்தைக் குறைத்தது பிலிப்ஸ் நிறுவனம் 1960-களில் அளித்த பிளம்பிக்கான் குழாய். அளவில் சிறியது, சாயல் ஒட்டாதது. இதனைக் கொண்டு இ.எம்.ஐ. நிறுவனம் ஆக்கிய 2001 என்னும் காமிராவில் ஜூம் லென்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிராமல் உடலுக்குள்ளேயே அடங்கியிருந்தது. காமிரா சமநிலையில் நிற்கவும் நெருக்கமான அரங்கில் எளிதாக நுழையவும் அது உதவிற்று. காமிராக்காரர் பலர் அதனை நெடுங்காலம் விரும்பிப் போற்றினர்.

பழக்கம் என்பது எத்துணை இன்றியமையாதது என்பதை நிலவுலகமே ஒருமுறை காட்டிற்று. 1969 நவம்பர் 19-ஆம் நாள் அப்போலோ 12 விண்வெளி வீரர்கள் சந்திரனில் இறங்கியபோது வண்ணக் காமிரா ஒன்றை உடன்கொண்டு சென்றனர். சுழலும் வண்ணத் தட்டு முறையில் இயங்கிய அது எளிதில் தூக்கக்கூடிய சிறு கருவி. அதனை இடம் மாற்றும்போது வீரர் ஆலன் பீன் அறியாமலே அதனைச் சூரியனை நோக்கித் திருப்பிவிட்டார். குழாய் உடனே கருகிற்று. நிலவில் நடந்த எஞ்சிய பணிகளை உலகத்தார் ஒலியாக மட்டுமே கேட்க நேர்ந்தது. பேரொளியை நோக்கிக் காமிராவைத் திருப்பலாகாது என்பது ஸ்டூடியோத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் காத்த பாடம். நிலவு வரை சென்ற கருவிக்கும் அதே பாடந்தான்.

தலைநகரில் பிறந்த தொலைக்காட்சி

இந்தியாவில் தொலைக்காட்சி பிறந்தது தலைநகரிலேதான். 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் புதுதில்லியில் குடியரசுத் தலைவர் டாக்டர் இராஜேந்திர பிரசாத் அவர்கள் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். சிறிய ஒளிபரப்புக் கருவி ஒன்றும் ஆகாசவாணி பவனத்தில் அமைத்த ஸ்டூடியோவுமே அன்றைய உடைமை. வாரத்தில் இரு நாள், ஒரு மணி நேரம் மட்டுமே நிகழ்ச்சி. பொதுவிடங்களில் வைத்த பெட்டிகளின் முன் மக்கள் கூடி அமர்ந்து பார்த்தனர். 1961-இல் தில்லிப் பள்ளிகளுக்குப் பாடங்கள் ஒளிபரப்பாயின. 1965-இல் நாள்தோறும் நிகழ்ச்சி வரலாயிற்று. 1967 ஜனவரி 26 முதல் 'கிருஷி தர்ஷன்' என்னும் வேளாண் நிகழ்ச்சி தில்லியைச் சூழ்ந்த 80 சிற்றூர்களுக்குச் சென்றது.

அந்தப் பணியை ஏற்றவர்கள் யாவர்? வானொலியில் குரலைக் கையாண்டு பழகியவர்களே அவர்கள். குரல் மட்டும் அறிந்த நிலையத்தில் திடீரென்று முகமும் வெளிச்சமும் அசைவும் புகுந்தன. ஒலிபெருக்கி திரையில் தெரியாமல் எங்கு வைப்பது, அறிவிப்பாளர் எங்கு நோக்கிப் பேசுவது என்பன எல்லாம் அவர்களுக்குப் புதிய கேள்விகள். லண்டனிலும் நியூயார்க்கிலும் முன்னோர் இருபது ஆண்டுகளில் கற்றதை இவர்கள் சில ஆண்டுகளில் கற்க வேண்டியிருந்தது. முறையான தொலைக்காட்சிப் பயிற்சி நிலையம் தில்லியில் ஏற்பட்டது 1971-இல்; அது புனா நகருக்கு மாறியது 1974-இல். அதற்கு முன்பு வேலையே பள்ளியாகவும் பிழையே ஆசானாகவும் இருந்தன எனலாம்.

பம்பாயில் 1972-இலும், சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாளிலும் நிலையங்கள் எழுந்தன. 1976-இல் தொலைக்காட்சி வானொலியினின்று பிரிந்து தூர்தர்ஷன் என்னும் தனித்துறையாயிற்று. 1982-இல் ஆசிய விளையாட்டு விழாவை ஒட்டி வண்ணம் வந்தது. சென்னை நிலையம் தோன்றுவதற்கு ஏறத்தாழ 16 ஆண்டுகள் முன்பே தில்லியில் வாழ்ந்த தமிழர்கள் தொலைக்காட்சியைக் காணும் வாய்ப்புப் பெற்றிருந்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மறையும் கல்வி

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் சி.சி.டி. என்னும் சில்லைக் கண்டுபிடித்தனர். அதன் வழிவந்த காமிராக்கள் 1980-களின் இறுதியிலிருந்து ஸ்டூடியோக்களில் புகுந்து, கண்ணாடிக் குழாய்களை அகற்றிவிட்டன. சாயல் ஒட்டுவதில்லை, சூடேற்றக் காத்திருக்க வேண்டுவதில்லை. நன்மையே. ஆயினும் குழாயோடு சேர்ந்து அதனைப் பழக்கிய கல்வியும் மறைந்து வருகிறது.

இதன் இழப்பைச் சிந்திக்க வேண்டும். பழைய காமிராக்கள் சில அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் காமிரா, வாசிப்பாரற்ற வீணையைப் போன்றது. அதனை எப்படிப் பிடித்தார்கள், எப்படித் தள்ளினார்கள், பிசகினால் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை அது சொல்லாது. போருக்கு முன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து நேரடியாக ஒளிபரப்பான நிகழ்ச்சிகளோ பதிவாகாமல் காற்றோடு போயின. ஆகவே அக்கலைக்கு எஞ்சிய ஏடு, அத்தொழிலாளரின் நினைவும் கையும்தான்.

இதனை உணர்ந்து இங்கிலாந்தில் ராயல் ஹாலோவே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் எல்லிஸ் தலைமையில் 2013 முதல் 2018 வரை 'அடாப்ட்' என்னும் ஆய்வு நடைபெற்றது. ஓய்வு பெற்ற தொலைக்காட்சித் தொழிலாளரை மீண்டும் அவர்களுடைய பழைய கருவிகளின் முன் நிறுத்தி, இயக்கச் சொல்லிப் படம் பிடித்து வைத்தனர். வாயால் விளக்க வராத பலவற்றைக் கைகள் தாமே செய்து காட்டின. கல்வெட்டையும் ஏட்டுச்சுவடியையும் தேடிக் காத்த பெருமக்கள் மரபில் வந்த நமக்கு இம்முயற்சியின் அருமையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை.

நம் நாட்டில் இத்தகைய தேட்டம் இன்னும் பெருக வேண்டும். 1960-களில் இளைஞராக ஆகாசவாணி பவனத்தில் நுழைந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்த முதியவர்கள். நம் சங்கத்துக் குடும்பங்களிலோ, அண்டை வீடுகளிலோ, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் காமிராவையோ விளக்கையோ ஒலிக்கருவியையோ இயக்கி ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருப்பின், அவர்களிடம் நம் இளைஞர்கள் சென்று அமர்ந்து கேட்க வேண்டும். எந்த ஆண்டு, எந்தக் கருவி, என்ன தொல்லை, என்ன யுக்தி என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும். நம் ஆண்டு மலர்களில் அதற்கென்று சில பக்கங்களை ஒதுக்குவதும் சங்கத்தின் கடமையாகும்.

தொலைக்காட்சி நமக்குப் பொழுதுபோக்கு. அதனை ஆக்கியோருக்கு அது வாழ்வு. படம் நன்றாக வந்தால் அவர்கள் இருப்பதே நமக்குத் தெரியாது. படம் கெட்டால் மட்டுமே அவர்களை நினைத்தோம். அந்தக் கடனை இப்போதேனும் தீர்க்க முயல்வோமாக.